அறுபத்தேழுக்கு அப்புறம்

திங்கட்கிழமை அறுபத்தேழு என்று வந்த எண், செவ்வாய்க்கிழமை அதே ரத்தத்தில் அறுபத்தெட்டு என்று வந்தது.

இதலீனா திரையை முறைத்துப் பார்த்தாள். அசோர்ஸ் தீவுகளின் மேற்கு ஓரத்தில், கடல் ஈரத்தில் சுவரெல்லாம் பூத்துப்போன அந்தச் சின்னப் பரிசோதனைக் கூடத்தில், பதினாறு வருடமாக அவளுக்கு இதுதான் வேலை. மரபணுவின் ஓரிடத்தில் சி, ஏ, ஜி என்ற மூன்று எழுத்து எத்தனை முறை திரும்பத் திரும்ப வருகிறது என்று எண்ணிச் சொல்ல வேண்டும். எல்லோருக்கும் அது திரும்ப வரும்; அம்மா வழியில் ஒரு எண், அப்பா வழியில் ஒரு எண். நாற்பதுக்குள் நின்றால் பயமில்லை. அறுபதைத் தாண்டினால் ஒருநாள் கால் பின்னும், பிறகு நாக்கு குழறும், அப்புறம் படுக்கைதான். தீவில் அதைத் தடுக்கல் நோய் என்பார்கள். அவள் அப்பா அதில்தான் போனார்.

அந்த ரத்தம் அவள் தம்பி பெல்மிரோவுடையது. கூடத்தில் யாருக்கும் தெரியாது. ஆகஸ்டில் அவனுக்குக் கல்யாணம். முறைப்படி போனால் ஆலோசனை, காத்திருப்பு என்று ஆறு மாதம் இழுக்கும். "நீயே பாத்துச் சொல்லிடு அக்கா, ரோசிந்தாவை ஏமாத்திக் கட்டிக்க என்னால முடியாது" என்று அவன் சட்டைக் கையை மடித்து நீட்டிவிட்டான். அவளும் இல்லாத ஒருவரின் குறியீட்டை ஒட்டி, தினமும் மூன்று மணிக்கு ஏற்றும் மற்ற மாதிரிகளோடு அதையும் கருவியில் ஏற்றினாள்.

ஒன்று கூடக் குறைய வரும், கருவியின் குணம் அது என்றார் கூடத்தின் தலைவர் டாக்டர் அமில்கார், தலையைக்கூடத் தூக்காமல். புதன்கிழமை அறுபத்தொன்பது வந்தது. லிஸ்பனில் இருக்கும், கருவியைப் பழுது பார்ப்பவனைப் போனில் பிடிக்கவே நாற்பது நிமிடம் ஆயிற்று. அவள் ஏற்கெனவே செய்து முடித்ததையெல்லாம் அவன் வரிசையாகச் செய்யச் சொன்னான்.

"மத்தவங்க சாம்பிள் எல்லாம் சரியா வருதா?"

"வருது."

"அப்ப மெஷின் நல்லாத்தான் இருக்கு மேடம். உங்க கைதான் நடுங்கியிருக்கும்."

அவள் வாயைத் திறப்பதற்குள் வைத்துவிட்டான். பதினாறு வருடக் கையைச் சொல்கிறான். அவள் மருந்துகளை மாற்றினாள், குழாய்களை மாற்றினாள், எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்தாள். வியாழக்கிழமை எழுபத்தொன்று. அம்மா வழியில் வந்த எண் இருபத்துமூன்றிலேயே அசையாமல் நின்றது. அப்பா வழியில் வந்தது மட்டும் திரையில் வலப்பக்கமாக நகர்ந்துகொண்டே போயிற்று. யாரிடம் காட்டுவது? காட்டினால் யார் ரத்தம் என்ற கேள்வி வரும். மேஜையை ஓங்கிக் குத்தினாள். கைதான் வலித்தது.

அந்த எரிச்சலில் வீட்டில் நடப்பது அவளுக்கு உறைக்கவே இல்லை. செவ்வாய்க்கிழமை பெல்மிரோ காபியைக் கொட்டினான். புதன்கிழமை கடைசிப் படியைத் தவறவிட்டான். வியாழன் மாலை, பால் வாடையும் ஈரப் புல் வாடையுமாக உள்ளே வந்து சூப்புக்கு முன்னால் உட்கார்ந்தவனுக்கு, கரண்டி வாய்க்குப் போக இரண்டு தடவை வழி தெரியவில்லை.

"முடிவு வந்துச்சா அக்கா?"

"மெஷின் சரியில்லடா. நாளைக்கு இன்னொரு தடவை ஓட்டிப் பாக்குறேன்."

அவன் கரண்டியை வைத்தான். "தினமும் மூணு மணியானா உள்ள என்னமோ ஏறுது அக்கா. இன்னிக்கும் ஏறுச்சு."

அவள் கையில் இருந்த ரொட்டி அப்படியே நின்றது. தான் எண்ணவில்லை, ஒவ்வொரு தடவை ஓட்டும்போதும் அவனுக்குள் கூட்டிக்கொண்டிருந்திருக்கிறோம் என்று அப்போதுதான் தோன்றியது.

வெள்ளிக்கிழமை அவள் கருவியைத் தொடவில்லை. தம்பியின் ரத்தத்தைக் கழுவுதொட்டியில் ஊற்றி, பிளீச்சிங் திரவத்தை அதன் மேல் கவிழ்த்து, மூக்கு எரிய எரியத் தண்ணீரைத் திறந்துவிட்டாள். குறிப்புகளைக் கிழித்தாள். மூன்று மணிக்குக் கைகளை மடியில் வைத்துக்கொண்டு வெறுமனே உட்கார்ந்திருந்தாள். மூன்றரை. ஒன்றும் நடக்கவில்லை. அந்த வாரத்தில் முதல் தடவையாக நன்றாக மூச்சுவிட்டு, தலைவலி என்று சொல்லிக் கிளம்பினாள்.

மலைச் சாலையில் பனிமூட்டம் இறங்கியிருந்தது. வண்டி விளக்குகளைப் போட்டும் இரண்டு முழத்துக்கு மேல் தெரியவில்லை. கறக்காத மாடுகள் எங்கோ கத்திக்கொண்டிருந்தன. இந்நேரத்துக்கு அவன் கறந்து முடித்திருக்க வேண்டும்.

வாசல் கதவு திறந்து கிடந்தது.

உள்ளே காலடிச் சத்தம். ஒரு கால் ஊன்றியது, மறு கால் இழுபட்டது, தோள் சுவரில் உரசியது. மறுபடி ஊன்றல், இழுப்பு, உரசல். மறுபடி. மூன்றே சத்தம், அந்த மூன்று எழுத்தைப் போல, இடைவெளியே இல்லாமல் திரும்பத் திரும்ப. ஒரு ஆளின் கால்களுக்கு அவ்வளவு வேகம் வராது.

"பெல்மிரோ?"

சத்தம் நின்றது.

விளக்கைப் போட்டாள்.

நடையில் தம்பி நின்றான். அவன் முதுகோடு ஒட்டி, பின்னால், தம்பி நின்றான். அதே சட்டை. அதே ரப்பர் பூட்ஸ். முதுகு மட்டும் கொஞ்சம் அதிகமாக வளைந்திருந்தது. அவனுக்குப் பின்னால், இன்னும் வளைந்து, தம்பி. சமையலறை வழியாக. பின்வாசல் வழியாக. கொட்டகையைத் தாண்டிப் பனிக்குள்.

எல்லா வாய்களும் ஒன்றாகத் திறந்தன. ஒன்றிலும் சத்தம் வரவில்லை.

வெளியே, வரிசை முடிகிற இடத்தில், இன்னொரு ஜோடி ரப்பர் பூட்ஸ் தடுக்கித் தடுக்கி வந்து கடைசியில் சேர்ந்தது.

இடம் கொடுக்க, எல்லோரும் அவளை நோக்கி ஒரு அடி நகர்ந்தார்கள்.