கறுத்துக்கொண்டே போகும் கால்கள்

ட்ரிங்... ட்ரிங்... ட்ரிங்!

பெரம்பலூர் போலீஸ் ஸ்டேஷனின் கறுப்பு டெலிபோன் அலறியது.

சப்-இன்ஸ்பெக்டர் அரியமுத்து டீ கிளாஸை வைத்துவிட்டு ரிசீவரை எடுத்தார். முறுக்கு மீசைக்காரர். பாதி வழக்கை மீசையாலேயே முடித்துவிடுவார் என்று ஊரில் கேலி உண்டு.

"ஹலோ... ஸ்டேஷன்!"

"ஆஸ்பத்திரியிலேருந்து டாக்டர் சாந்தி மேரி பேசறேன். ஒடனே வாங்க சார்! இங்க ஒரு பொண்ணைக் கொல்றாங்க!"

"கொன்னுட்டாங்களா?"

"இல்ல... கொன்னுகிட்டு இருக்காங்க!"

ஜீப் பறந்தது.

பெண்கள் வார்டு. கடைசிக் கட்டில்.

அம்சவள்ளி. அரியலூர்ப் பக்கத்துப் பெண். போன தையில்தான் கல்யாணமாகிப் பெரம்பலூருக்கு வந்தவள். மஞ்சள் கயிறு இன்னும் புதுசு.

டாக்டர் போர்வையை விலக்கினார்.

அரியமுத்து தொட்டுப் பார்த்தார்.

இரண்டு பாதங்களும் கன்னங்கரேல்! சுட்ட கத்தரிக்காய் மாதிரி சுருங்கி... தொட்டால் ஜில்லென்று...

"பாம்பா டாக்டர்?"

"பாம்பு ரெண்டு காலுலயும் கணக்கா கடிக்குமா சார்? ரெண்டு பாதத்துலயும் நாடி இல்ல. கை விரலும் நீலம் பாய ஆரம்பிச்சிடுச்சு. எதுவோ ஒண்ணு ரத்தக்குழாயை இறுக்கிப் பிடிக்குது."

"என்ன விஷம்?"

"அது தெரிஞ்சா நானே நிறுத்திட மாட்டேனா?" டாக்டர் போர்வையை மறுபடி மூடினார். "கொண்டாந்து சேர்த்தப்ப விரல் மட்டும்தான் கறுத்திருந்துச்சு. இங்க வந்த பின்னாலதான் மேல ஏறுது. புரியுதா?"

புரிந்தது!

விஷம் வைக்கிற ஆள், ஆஸ்பத்திரிக்கே வந்து வைத்துவிட்டுப் போகிறான்!

அரியமுத்து குனிந்தார். "ஏம்மா, வெளியில மாத்திரை, நாட்டு மருந்து... ஏதாச்சும் சாப்பிட்டியா?"

அம்சவள்ளியின் கண்கள் அவரைத் தாண்டிப் போயின. கட்டிலின் மறுபக்கம் மாமியார் குஞ்சம்மாள் விசிறிக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணுமே இல்லீங்க."

*

மத்தியானம்.

பச்சைத் துணித் தடுப்புக்குப் பின்னால் அரியமுத்துவும் கான்ஸ்டபிள் முருகையனும் மூச்சடக்கி நின்றார்கள்.

கணவன் தர்மன் வந்தான். பம்புசெட் மெக்கானிக். கையில் பிளாஸ்க்.

சுற்றுமுற்றும் பார்த்தான்.

மனைவி கண்மூடிக் கிடந்தாள்.

சட்டைப் பையிலிருந்து எதையோ எடுத்தான்... விரலால் நசுக்கினான்... பாலில் போட்டான்... கலக்கினான்!

"புடிய்யா அவனை!"

முருகையன் பாய்ந்தார். பிளாஸ்க் உருண்டது. பால் தரையெல்லாம் ஓடியது.

"சார்! சார்! அது வெசம் இல்ல சார்! தலைவலி மாத்திரை!"

"தலைவலி மாத்திரையை ஏன்டா திருட்டுத்தனமா கலக்குற?"

"அவளுக்கு ஒத்தைத் தலைவலி சார். கல்யாணத்துக்கு முன்னாலயே உண்டு போல. மறைச்சிட்டாங்க. தலையணைக்கு அடியில வெத்து மாத்திரைக் காகிதம் கிடந்துச்சு. பாவம், மாத்திரை தீந்துபோச்சு... கேக்க வெக்கப்படுறாளேன்னு..."

"வெளிப்படையா குடுக்க வேண்டியதுதான?"

"எங்கம்மாவுக்குத் தெரிஞ்சா தொலைஞ்சுது சார்! நோயாளிப் பொண்ணைத் தலையில கட்டிட்டாங்கன்னு அப்பன் வூட்டுக்கே அனுப்பிடும்!"

டாக்டர் அவன் பையிலிருந்த மாத்திரை அட்டையைப் பிடுங்கினார். படித்தார். முகம் வெளுத்தது.

"இதுதான் சார்! ரத்தக்குழாயைச் சுருக்குற மாத்திரை. வலி வர்றப்ப மட்டும் சாப்பிடணும், வாரத்துக்கு இவ்வளவுதான்னு அளவு இருக்கு. மீறினா கை கால்ல ரத்தமே ஓடாது!" அவனிடம் திரும்பினார். "தெனம் எத்தனை?"

"ஒண்ணுதான் டாக்டரம்மா. ராத்திரி பால்ல. இங்க வந்ததுலேருந்து மத்தியானம். மருந்து வாடைக்குத் தலைவலி வந்துருமேன்னு..."

டாக்டர் நெற்றியைச் சுருக்கினார். "தெனம் ஒண்ணே தப்புதான். ஆனா இவ்வளவு வேகமா கறுக்க அது பத்தாதே சார்."

"பத்தாதுன்னா பய பொய் சொல்றான்னு அர்த்தம். லாக்கப்புல போடுய்யா!"

சத்தத்தில் அம்சவள்ளி விழித்தாள்.

"அவரை விடுங்க சார்! நானேதான் தின்னேன்! தெனம் காலையில... அத்தைக்குத் தெரியாம, கொல்லையில போயி... இங்க வந்தும் போர்வைக்குள்ள..."

புருஷனைக் காப்பாற்ற எத்தனை பெண்கள் இப்படிச் சொல்லி அரியமுத்து பார்த்திருக்கிறார்!

"அவன் உன் பால்ல கலக்குறதை என் கண்ணால பார்த்தேன்மா."

"அவரா? என் தலைவலி... அவருக்குத் தெரியுமா?"

"தெரியும்."

அவள் அழுதாள். கறுத்த காலுக்கு அழவில்லை. கல்யாணத்தன்றிலிருந்து பொத்திப் பொத்தி வைத்தது வெளியே வந்துவிட்டதே என்று அழுதாள். முந்தானை முடிச்சை அவிழ்த்து டாக்டரிடம் நீட்டினாள்.

அதே மாத்திரை!

டாக்டருக்குத் தலை சுற்றியது. "அட பாவிப் பொண்ணே... இது அதிகமானா இதுவே தலைவலியைக் கொடுக்கும்! வலிக்குதேன்னு மறுபடி இதையே முழுங்கினியா?"

அம்சவள்ளி தலையாட்டினாள்.

*

சாயங்காலம்.

தர்மன் லாக்கப்பில். அம்சவள்ளியின் மாத்திரை டாக்டரின் மேஜையில். இனி பயமில்லை என்று எல்லோரும் நம்பினார்கள்.

குஞ்சம்மாள் கஞ்சித் தூக்குவாளியோடு வந்தாள். மருமகளின் தலையைத் தூக்கிப் பிடித்தாள்.

"குடி ஆயி... ரெண்டு வாய் குடிச்சா தெம்பு வரும்."

வாசலில் நின்ற டாக்டரின் பார்வை கஞ்சியில் விழுந்தது. மேலே வெள்ளையாய் ஏதோ... கரையாத துணுக்கு!

"குடுக்காதீங்க!"

தூக்குவாளி பறிக்கப்பட்டது. அரியமுத்து வந்தார். மீசையை முறுக்கினார்.

"கெழவி! நீயுமா?"

"வெசமா வச்சேன் சார்?" குஞ்சம்மாள் மார்பில் அடித்துக்கொண்டாள். "காலையில எழுந்திரிக்கறப்பவே இந்தப் புள்ள நெத்தியைப் புடிச்சிகிட்டு நிக்கும். குப்பையில மாத்திரைக் காகிதம் கிடந்துச்சு. வெத்துக் காகிதம்! அதைக் கொண்டுபோயிக் காட்டி வாங்கியாந்தேன். காப்பியில ஒண்ணு, அந்திக்கு ஒண்ணு..."

"மருமககிட்ட சொல்லல?"

"சொன்னா அது கூசிப்போயிடும் சார். எம் மவன் காதுக்குப் போச்சுன்னா, சீக்காளின்னு வாழாவெட்டியா அனுப்பிடுவான்! அதான் யாருக்கும் தெரியாம..."

டாக்டர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

அவள் ஒன்று. அவன் ஒன்று. இவள் இரண்டு. தினமும்!

"டாக்டரம்மா..." அம்சவள்ளியின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "அத்தைக்கும் தெரியுமா? கோவிச்சுக்கலையா?"

"இல்லம்மா."

"அப்ப நான்... யாருக்கு மறைச்சேன்?"



திருச்சிக்குக் கொண்டுபோய்க் கால்களை எடுத்தாவது உயிரைக் காப்பாற்றலாம் என்றார் டாக்டர். வேன் வந்தது. ஸ்ட்ரெச்சரில் தூக்கும்போது அம்சவள்ளி நெஞ்சைப் பிடித்தாள். இதயத்துக்குப் போகிற குழாயும் இறுகிவிட்டது!

அவ்வளவுதான்.

வந்த வேகத்தில் வேன் காலியாகத் திரும்பியது.

லாக்கப்பிலிருந்து தர்மனைக் கூட்டிவந்தார்கள். அவன் மனைவியைப் பார்த்தான். பிறகு தாயைப் பார்த்தான்.

"உனக்குத் தெரியுமாம்மா?"

"உனக்குத் தெரியுமாடா?"

ஆளுக்கொரு பக்கம் அவள் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். சூடேற்றிவிடலாம் என்பது போல் குஞ்சம்மாள் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

*

மறுநாள் காலை.

பஸ் ஸ்டாண்டு அருகே மெடிக்கல் ஷாப். முதலாளி காசிநாதன் ஊதுபத்தி ஏற்றிக்கொண்டிருந்தார்.

"வாங்க சார்! உட்காருங்க."

அரியமுத்து மாத்திரை அட்டையை மேஜையில் வீசினார். "இதை அந்த வூட்டுக்கு யாருய்யா குடுத்தது?"

"நான்தான் சார். மொதல்ல அந்தப் பொண்ணு அரியலூர் டாக்டர் சீட்டோட வந்துச்சு. அப்புறம் புருஷன். அப்புறம் அந்தம்மா. மூணு பேரும் ரகசியம்னாங்க. நான் மூச்சு விடல சார்!"

"ஒரே வூட்டுக்கு மூணு பேரு வாங்குறாங்களே... உனக்குப் பயமா இல்லையா?"

"கேக்கறதைக் குடுக்கறதுதான சார் நம்ம வேலை?"

"சரி. அவளுக்குக் கால் கறுக்குதுன்னு தர்மன் இங்கதான் வந்து களிம்பு கேட்டானாமே? அப்பவுமா புரியல?"

காசிநாதன் கையிலிருந்த ஊதுபத்தியையே பார்த்தார்.

"புரிஞ்சுது சார். பெட்டிக்குள்ள இருக்கிற தாள்லயே போட்டிருக்கு... கை கால் மரத்துப்போகும், கறுக்கும்னு..."

"பின்ன ஏன்யா சொல்லல?" அரியமுத்து கத்தினார்.

"ஒருத்தருகிட்ட சொன்னா மத்த ரெண்டு பேருக்கும் தெரிஞ்சிடும் சார். அப்புறம் மூணு பேரும் வாங்க மாட்டாங்களே... மாசாமாசம் நல்ல யாவாரம்..."

வாசலில் முருகையன் வாய் பிளந்து நின்றார்.

அரியமுத்து ஊதுபத்தியை வாங்கிச் சாமி படத்துக்குச் செருகினார். அதே கையால் காசிநாதனின் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார்.

"கடையைப் பூட்டுய்யா முருகையா!"

"சார்... சார்... எனக்கு என்ன சார் கிடைக்கும்?"

"தெனம் மூணு வேளை," என்றார் அரியமுத்து, அவரை ஜீப்பில் தள்ளியபடி. "சாப்பாட்டுக்கு முன்னாடியும் உண்டு... பின்னாடியும் உண்டு!"