பேர்க்காரன்

நிலவன் என்று கூப்பிட்டபோது குழந்தை திரும்பவில்லை.

இளவரசி சமையலறை வாசலில் நின்று மறுபடி கூப்பிட்டாள். கூடத்தில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்த பையன் அசையவில்லை. பால்கனிக் கண்ணாடிக்கு வெளியே, எதிர் பிளாக்கூடத் தெரியாதபடி, நவம்பர் மாதத்துப் புகைமூட்டம் அழுக்குப் பஞ்சாக அடைந்து கிடந்தது. மூலையில் ஏர் ப்யூரிஃபையர் சிவப்பு விளக்கோடு இரைந்துகொண்டிருந்தது. அந்த இரைச்சலில் காதில் விழவில்லை போல என்று அவள் பக்கத்தில் போனாள். மாமனார் பேரைச் சொல்லக் கூச்சமாக இருந்தது. இருந்தாலும் விளையாட்டாக, மெல்ல, "ஜோதிலிங்கம்" என்றாள்.

தலை திரும்பியது. தோள் திரும்பவில்லை, தலை மட்டும்.

"என்ன புள்ள?" என்றான் அவளுடைய மூன்றரை வயது மகன்.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. டெல்லி துவாரகாவில் பிறந்து வளர்ந்த பிள்ளை. தாகம் எடுத்தால் 'பானி' என்பான், அவசரப்படுத்தினால் 'ருக்கோ' என்பான். தமிழில் சேர்ந்தாற்போல நாலு வார்த்தை பேச வைக்க அவள் படாத பாடு பட்டிருக்கிறாள். போன மாதம் சங்ககிரிக்குப் போய் வந்ததில் ஊர்ப் பேச்சு ஒட்டிக்கொண்டது போலிருக்கிறது. சிரித்துக்கொண்டே அவன் கன்னத்தைக் கிள்ளக் கை நீட்டியவள், அவன் கண்களைப் பார்த்ததும் கையை இழுத்துக்கொண்டாள். அவன் அவளுடைய கையை அளவெடுப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தான்.

போன மாதம்தான் அந்தப் பேர் வந்தது. அவள் கணவன் பிரதீப்பின் அப்பா, லாரி முதலாளி ஜோதிலிங்கம், ஐப்பசி மழையில் இறந்துபோனார். கருமாதி அன்று மொட்டைத் தலையோடு உட்கார்ந்திருந்த பிரதீப், சொந்தக்காரர்கள் எல்லோரும் பார்க்க, பையனை மடியில் இழுத்துப் போட்டு அவன் காதில் அப்பாவின் பேரைச் சொன்னான். அதுவரை நிலவனாக இருந்த பிள்ளை அந்த நிமிஷத்திலிருந்து ஜோதிலிங்கம். "பேரச் சொமக்கறவந்தானுங்க பேரன்" என்று யாரோ சொல்ல, பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். தன்னை ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்று இளவரசிக்கு வருத்தம்தான். ஆனால் அவளுடைய மாமியார் அருக்காணியின் முகத்தில் இருந்தது வருத்தம் இல்லை, பயம். கணவனின் உடல் வீட்டில் கிடந்தபோது அழாத அந்த அம்மா, பேர் வைத்தபோது சுவரோடு ஒட்டி நின்று நடுங்கினார்.

இளவரசிக்கு அப்போது ஐந்தாம் மாதம். துணைக்கு என்று அருக்காணியும் டெல்லிக்கு வந்து சேர்ந்தார்.

முதலில் எல்லாமே சின்னச் சின்ன விஷயங்கள். சாப்பாட்டு மேஜையில் பையன் பிரதீப்பின் நாற்காலியில்தான் ஏறி உட்காருவான், ஒரு காலை மடித்துப் போட்டுக்கொண்டு. எவர்சில்வர் தம்ளரை மேஜையில் ஒரு தட்டுத் தட்டுவான். அடுத்த நொடி அருக்காணி எங்கே இருந்தாலும், ஈரக் கையோடு, முந்தானை நழுவ, தண்ணீர்ச் சொம்போடு ஓடி வருவார். பேரனை அவர் கண்ணு என்றோ சாமி என்றோ கூப்பிடுவதில்லை. "ஏனுங்" என்றுதான் கூப்பிட்டார், புருஷனைக் கூப்பிடுவது போல, தரையைப் பார்த்துக்கொண்டு. விமான நிலையத்தில் இஞ்சினியராக வேலை பார்க்கும் பிரதீப், ஷிப்ட் முடிந்து வந்து சோபாவில் சாய்ந்திருப்பான். பையன் அறைக்குள் நுழைந்தால் எழுந்து நின்றுவிடுவான். நின்ற பிறகுதான் தான் நிற்பது அவனுக்கே தெரியும். சிரித்து மழுப்பிவிட்டு பாத்ரூமுக்குப் போய்விடுவான்.

வீட்டுக்குள் ஒரு வாசனையும் வந்து தங்கியது. ஜன்னல் இடுக்குகளையெல்லாம் டேப் போட்டு ஒட்டியிருந்தும், பக்கத்து மாநிலங்களில் அறுவடைக்குப் பின் எரிக்கும் வயல்களின் புகை எப்படியோ உள்ளே கசிந்து திரைச்சீலையிலும் தலையணையிலும் ஏறியிருந்தது. அதற்கு அடியில், இன்னும் கனமாக, சுருட்டும் டீசலும் பழைய வியர்வையும் கலந்த ஒன்று. குழந்தையைக் குளிப்பாட்டி, துவட்டி, பவுடர் போட்டுத் தூக்கி முகர்ந்தால் அவன் கழுத்து மடிப்பிலிருந்து அது வந்தது.

ஒரு நாள் மத்தியானம் அவள் படுக்கையறையில் லேப்டாப்பில் ஆபீஸ் மீட்டிங்கில் இருந்தாள். கூடத்தில் பையனின் குரல் கேட்டது.

"கைய வெய்யி."

அப்புறம் சத்தமில்லை. பிறகு பால்கனிக் கதவு அறைந்து சாத்தும் ஓசை. கொஞ்சம் பொறுத்து மறுபடி அதே ஓசை, ஆனால் இந்தத் தடவை கதவு முழுதாகச் சாத்தவில்லை, நடுவில் எதிலோ மாட்டியது போல மொத்தென்று நின்றது. அலறல் எதுவும் கேட்கவில்லை. அதனாலேயே அவள் மெதுவாகத்தான் எழுந்து வந்தாள்.

அருக்காணி முந்தானையைச் சுருட்டி வாய்க்குள் திணித்துக்கொண்டு நின்றிருந்தார். அவருடைய வலது கை கதவின் கீல் பக்கத்து இடுக்கில் இருந்தது. பையன் தன் உடம்பு முழுவதையும் கதவில் சாய்த்து அழுத்திக்கொண்டிருந்தான். வெள்ளைப் பெயிண்ட்டில் ரத்தம் கோடாக இறங்கியது. இரும்பு வாசனை. இரண்டு விரல்கள் விரல்களாகவே இல்லை.

இளவரசி பாய்ந்து அவனை இழுத்துத் தள்ளிக் கையை ஓங்கினாள். அருக்காணி நல்ல கையால் அவள் மணிக்கட்டைப் பிடித்தார்.

"அடிச்சுராத கண்ணு! அவியள அடிச்சுராத!"

ஆஸ்பத்திரியில் டாக்டரிடம் பிரதீப் இந்தியில் சொன்னான், காற்றில் கதவு சாத்திக்கொண்டது என்று. வெளியே ஓர் இலை அசையவில்லை. ஒரு வாரமாக டெல்லியில் காற்றே இல்லை.

விரல்களை எடுத்துவிட்டார்கள். மறுநாள் வார்டில் கட்டிலோரம் உட்கார்ந்து இளவரசி கேட்டாள்: "அவன் கைய வைன்னா நீங்க ஏங்கத்தை வெச்சீங்க?"

"வெக்காம இருந்தா ரெண்டு வெரலோட நிக்காது கண்ணு."

"மூணு வயசுக் கொழந்தைங்கத்தை."

அருக்காணி கட்டுப் போட்ட கையைப் பார்த்தார். "இந்த வெரலுக ரெண்டும் முன்னாலயே கோணலா இருக்குமே, நீ பாத்திருப்பே. வாதம்னு சொல்லியிருப்பேன். வாதமில்ல. கண்ணாலமான வருசம், சோத்துல கல்லு கெடந்துச்சுன்னு லாரிக் கதவுல வெக்கச் சொன்னாரு. வெச்சேன்." அந்தக் கையைப் போர்வைக்கு அடியில் தள்ளிவிட்டு, "உம் புருசன் முதுகுல இருக்கற தழும்ப என்னன்னு சொன்னான்?" என்றார்.

முள்வேலியில் விழுந்ததாகச் சொல்லியிருந்தான் பிரதீப்.

"வேலியா" என்றார் அருக்காணி.

"பேரைப் பழையபடி மாத்திருவோம். நாளைக்கே."

"வாசலத் தொறந்து உட்டாச்சு கண்ணு. வந்தவரு வந்து உக்காந்துட்டாரு. இனிக் கதவச் சாத்துனா உள்ள இருக்கறவரு வெளிய போயிருவாரா? நீ உம் பொறந்தவன் ஊட்டுக்குப் போயிரு. வயித்துல இருக்கறதக் காப்பாத்திக்க."

"நிலவன்?"

அருக்காணி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அருக்காணியை வீட்டுக்குக் கூட்டி வந்த அன்று பிரதீப்பைப் பால்கனிக்கு இழுத்துப் போய்க் கேட்டாள் இளவரசி. அவன் கண்ணாடிக் கதவைச் சாத்திவிட்டு, உள்ளே பார்த்தபடியே, கிசுகிசுத்தான்.

"கடைசி நாள் என் கையப் புடிச்சாரு இளா. மூச்சு வராத மனுசன், எலும்பு நொறுங்கற மாதிரிப் புடிச்சாரு. எம் பேர வெய்யி, நான் வாரேன்னாரு. மாட்டேன்னு சொல்லத்தான் நெனச்சேன். தல தானா ஆடுச்சு. முப்பத்தாறு வயசு எனக்கு. ஒரு கொழந்தைக்கு அப்பன். தல தானா ஆடுச்சு."

"நானும் அவனும் மயூர் விஹாருக்குப் போறோம். அண்ணன் வீட்டுக்கு. இப்பவே. நீங்க தடுப்பீங்களா?"

பிரதீப் கண்ணாடிக் கதவின் கைப்பிடியில் கை வைத்தான். பிறகு, "நீ போயித் துணி எடுத்து வெய்யி. நான் அவன்கூட இருக்கேன். கார்ல கொண்டுபோய் விட்டுர்றேன்" என்றான். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவன் குரலில் அவள் கேட்டிராத ஏதோ ஒன்று அதில் இருந்தது.

சாயங்காலம்கூட ஆகவில்லை. ஆனாலும் அறைக்குள் விளக்குப் போட வேண்டியிருந்தது. அவள் குழந்தையின் ஸ்வெட்டர்களையும் தன் மாத்திரைகளையும் பையில் திணித்துக்கொண்டிருந்தபோது மேல் வீட்டில் இடிக்கும் சத்தம் ஆரம்பித்தது. தொம். ஒரு இடைவெளி. தொம். போன மாதமெல்லாம் அங்கே டைல்ஸ் உடைத்துக்கொண்டிருந்தார்கள். சுவரில் மாட்டியிருந்த கல்யாணப் போட்டோ ஒவ்வொரு இடிக்கும் லேசாக ஆடியது. அவள் சாக்ஸ்களை ஜோடி சேர்த்தாள். தொம். பற்பசை எடுத்தாள். தொம்.

புகை அதிகமானதால் ஊர் முழுக்கக் கட்டட வேலையையெல்லாம் ஒரு வாரத்துக்கு நிறுத்தி வைத்திருந்தார்கள். நேற்றுக்கூட வாசல் காவலாளி சொன்னான்: ஏக் ஹஃப்தா சப் பந்த், மேடம்.

தொம்.

சத்தம் மேலிருந்து வரவில்லை.

அவள் கதவை இழுத்தாள். வரவில்லை. வெளியே தாழ்ப்பாள் போட்டிருந்தது.

"அத்தை!"

"வராத கண்ணு." கதவுக்கு அந்தப் பக்கம், மிகப் பக்கத்தில், அருக்காணியின் மூச்சு. "காதப் பொத்திக்க. கொஞ்ச நேரந்தான். காதப் பொத்திக்க."

"தொறங்க! பிரதீப்! பிரதீப்!"

கூடத்தில் குழந்தையின் குரல். மழலை மாறாத குரல். 'ற' வராமல் 'ர' சொல்லும் அதே நாக்கு.

"இப்ப அவள அடிக்கிரயா?"

"மாட்டேனுங்கப்பா." பிரதீப்பின் குரல் ஈரமாகக் குழறியது. "அவ மாசமா இருக்கறா. மாட்டேனுங்க."

"அப்ப முட்டு."

தொம்.

அவள் கதவில் தோளால் மோதினாள். போன் கூடத்தில். ஜன்னலுக்கு ஓடினாள். டேப்பை நகத்தால் கிழித்து ஜன்னலைத் திறந்து கத்தினாள். பையா! கோயீ ஹை! யாராவது இருக்கீங்களா! புகை அவள் குரலை வாயிலேயே திருப்பித் திணித்தது. இருமினாள். கீழே எதுவும் தெரியவில்லை. தரை இல்லை. மரம் இல்லை. மனிதர் இல்லை.

"இப்ப?"

"மாட்...டேங்கப்பா."

தொம்.

"இப்ப?"

பதில் வரவில்லை.

"முட்டு."

சத்தம் மாறியிருந்தது. தொம் இல்லை. பச்சைத் தேங்காய் ஈரத் துணியில் விழுவது போல. அதற்குப் பிறகு இன்னொன்று. அதற்குப் பிறகு ஏதோ பெரியது சரிந்து நாற்காலியை இழுத்துக்கொண்டு விழுந்தது.

ஏர் ப்யூரிஃபையர் இரைந்தது.

தாழ்ப்பாள் விலகியது.

இளவரசி கூடத்துக்கு வந்தாள். தூணருகில் சுவர் இடுப்புயரத்துக்கு மேல் சிவந்திருந்தது. அதில் முடி ஒட்டியிருந்தது. முளைத்துக்கொண்டிருந்த, மொட்டைக்குப் பிறகான குட்டை முடி. பிரதீப் குப்புறக் கிடந்தான். கைகள் இரண்டும் முதுகுக்குப் பின்னால் தாமாகவே கோத்திருந்தன, யாரும் கட்டவில்லை. நெற்றி இருந்த இடத்தை அவள் பார்க்கவில்லை. பார்த்தாள்.

அவன் முதுகின் மேல் குழந்தை உட்கார்ந்திருந்தான். கயிற்றுக் கட்டிலில் உட்காருவது போல, ஒரு காலை மடித்துப் போட்டுக்கொண்டு.

அருக்காணி வாளியோடு வந்து மண்டியிட்டார். கட்டுப் போட்ட கையை மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, இடது கையால் தரையைத் துடைக்க ஆரம்பித்தார். மகனின் முழங்கையை நகர்த்தி அதற்கு அடியில் துடைத்தார். பிழிந்தார். தலை நிமிரவில்லை.

ஓடு, என்றது இளவரசிக்குள் ஏதோ ஒன்று. வாசற்கதவு நாலு எட்டில் இருந்தது. சாவி கதவிலேயே இருந்தது.

கால்கள் வரவில்லை.

குழந்தை இறங்கினான். ஈரத் தரையில் வழுக்காமல், சின்னப் பாதங்களை நிதானமாக எடுத்து வைத்து, அவளிடம் வந்தான். கழுத்தைத் தூக்கி அவளைப் பார்த்தான். அவளுடைய மூக்கு. அவளுடைய புருவம். உதட்டோரம் மத்தியானம் குடித்த பாலின் வெள்ளை இன்னும் காயவில்லை.

"சொல்லு கேக்காத பய" என்றான். "மருக்காப் பொரக்கட்டும். இந்தத் தடவ சின்னதுலயே திருத்திப்போடலாம்."

சிவந்த உள்ளங்கையை அவள் வயிற்றின் மேல் வைத்தான்.

"இவனுக்கு பிரதீப்னு பேரு வெய்யி."

அருக்காணியின் துணி ஒரு கணம் நின்றது. பிறகு மறுபடி நகர்ந்தது. குழந்தை கையை எடுத்தான். அவளுடைய மஞ்சள் குர்தாவில் ஐந்து குட்டி விரல்கள் அப்படியே பதிந்திருந்தன. ஒவ்வொரு விரலின் நுனியிலிருந்தும் ஈரம் மெல்லக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது.