வாசலில் கழியும் நேரம்

காலை ஆறு பதினேழுக்கு வர வேண்டிய காபி ஆறு இருபதுக்கு வந்தது.

செல்லக்கனி சுவர்க்குழாயின் அடியில் கோப்பையைப் பிடித்தபடி மூன்று நிமிடம் நின்றாள். காபியில் குறை ஒன்றும் இல்லை. முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் இரவெல்லாம் விட்ட மூச்சிலிருந்து வடித்த நீர், பாசித் தொட்டியில் ஊறிய பால், என்றும் உள்ள ருசி. தாமதம் மட்டும் புதிது. ஒரு மாதமாக அது கூடிக்கொண்டே வந்தது.

செவ்வாய்க் கிரகத்தில் புன்னைக்குடி என்ற அந்தக் குடியிருப்பைக் காவலன் என்ற கணினி நிரல் நடத்தியது. காற்று, நீர், வெளிச்சம், கதவு, காபி எல்லாம் அதன் பொறுப்பு. பதினோரு வருடமாக நிற்காமல் ஓடுகிறது. அது நின்றால் காற்றும் நிற்கும்.

பூமியிலிருந்து தலைமையகம் எழுதியிருந்தது: வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்குள் தாமதம் ஒரு நொடிக்குக் கீழே வர வேண்டும். வராவிட்டால் சனிக்கிழமை காவலனை நிறுத்திப் புதிய நிரலை ஏற்றுவோம். நான்கு நாள் ஆகும். அதுவரை அவரவர் அறையில், பூட்டிய கதவுக்குப் பின்னால், மூக்கில் குழாயுடன் படுத்திருக்கவும்.

சனிக்கிழமை செல்லக்கனியின் மகள் இளவேனிலுக்குக் கல்யாணம். திங்கட்கிழமைக் கப்பலில் மாப்பிள்ளை வியாழன் கிரகத்தின் பக்கம் வேலைக்குப் போகிறான். கல்யாணம் ஆனால் இவளும் கூடப் போகலாம். இல்லாவிட்டால் அவன் திரும்பி வர நான்கு வருடம்.

காவலனின் நாடி பார்ப்பதுதான் செல்லக்கனியின் வேலை. ஓடுகிற நிரலைப் பிரித்துப் பார்க்க முடியாது. அதனால் அவள் ஒரு சின்ன ஒற்றனை அதற்குள் விடுவாள். அது நொடிக்கு நூறு முறை எட்டிப் பார்த்து, காவலன் அந்தக் கணத்தில் என்ன செய்கிறது என்று குறித்துக்கொண்டு விலகிவிடும். சில மணி நேரக் குறிப்புகளைக் கூட்டினால் நேரம் எங்கே போகிறது என்று தெரிந்துவிடும். இதற்கு நாடிப்பதிவு என்று பெயர்.

திங்களன்று எடுத்த நாடிப்பதிவு ஒரே வரியில் பேசியது. காவலனின் நேரத்தில் நூற்றுக்கு எழுபத்தொரு பங்கு காற்றழுத்தக் கணக்கில் போகிறது. ஓட்டை என்று செல்லக்கனி முடிவு கட்டினாள். நாற்பது பேர் ஊதுபத்தி கொளுத்திக்கொண்டு கூரையின் ஒவ்வொரு மூட்டிலும் புகையைக் காட்டினார்கள். புகை நேராக மேலே போயிற்று. எங்கும் ஓட்டை இல்லை. புன்னைக்குடி முழுக்க மல்லிகை வாசம் வீசியதுதான் மிச்சம். இரண்டு நாள் வீண்.

புதன் மதியம் அவளுக்குத் தன் தவறு புரிந்தது. காவலன் என்ன செய்கிறது என்று மட்டும் கேட்டிருந்தாள். யார் சொல்லிச் செய்கிறது என்று கேட்கவில்லை. ஒற்றனை மறுபடி அனுப்பினாள். இந்த முறை ஒவ்வொரு வேலைக்கும் பின்னால் அதை ஏவியது எது, அந்த ஏவலை ஏவியது எது என்று வால் பிடித்துப் போகச் சொன்னாள்.

எல்லா வாலும் கதவில் போய் முடிந்தது.

ஒரு கதவு திறந்திருக்கும்வரை அதன் இருபுறமும் உள்ள காற்றைக் காவலன் நொடிக்கு ஆயிரம் முறை அளக்க வேண்டும். ஒரு பக்கம் கூரை கிழிந்தால் மறுபக்கம் பிழைக்க அதுதான் வழி. பூமியில் நிரலை எழுதியவர்கள், ஒரு மனிதர் வாசலைக் கடக்க எட்டு நொடி போதும் என்று வைத்திருந்தார்கள். புன்னைக்குடியில் சராசரி பத்தொன்பது நிமிடம்.

விருந்தாளி "வாரேன்" என்று எழுந்திருப்பார். கதவு திறக்கும். அவர் வாசலில் நிற்பார். வீட்டுக்காரர் கூடவே வந்து நிற்பார். அங்கேதான் பேச்சு சூடு பிடிக்கும். இரண்டாவது முறை "வாரேன்" என்றதும் காவலன் கதவை மூட ஆயத்தமாகும். அதற்குள் ஏதோ ஒன்று ஞாபகம் வரும். மறுபடி முதலிலிருந்து அளக்கும். நிமிடத்துக்கு ஒரு தரம் "கதவை மூடலாமா?" என்று மரியாதையாகக் கேட்கவும் செய்தது. அந்தக் குரல் யார் காதிலும் விழுந்து பல வருடம் ஆயிற்று.

அன்று மாலையே குடியிருப்புத் தலைவர் ஆபிரகாம் பாண்டியன் கூட்டம் போட்டார். செல்லக்கனி சொல்லி முடித்ததும் மண்டபத்தில் சிரிப்பு அடங்கச் சற்று நேரம் ஆனது. தலைவர் சிரிக்கவில்லை.

"அப்போ பூமிக்கு என்னன்னு எழுதட்டும்? எங்க சனங்க வாசல்ல நின்னு பேசுதாங்கன்னா?"

"எழுதுங்க, அண்ணாச்சி. நூத்துக்கு எழுபத்தொண்ணு."

முன்வரிசையிலிருந்து ஞானசுந்தரி எழுந்தாள். மாப்பிள்ளையின் அம்மா. எதையும் நேரே கேட்டுவிடுகிற பழக்கம் உள்ளவள்.

"பதினோரு வருசமா நின்னுதானே பேசுதோம். இந்த ஒரு மாசத்துல என்ன வந்துச்சு, மதினி? எந்த வீட்டுக் கதவுன்னு சொல்லுங்க, பாப்போம்."

எந்தக் கதவு எவ்வளவு நேரம் திறந்திருந்தது என்று காவலன் குறித்துவைத்த பட்டியலைச் செல்லக்கனி கையில்தான் வைத்திருந்தாள். காட்ட வேண்டாம் என்றுதான் நினைத்திருந்தாள். ஒரு மாதமாகத் தொண்ணூற்றாறு கதவுகள் வரிசையாகத் திறந்து கிடந்திருந்தன. ஒவ்வொன்றின் முன்னாலும் அதே இரண்டு பேர். கல்யாணத்துக்கு அழைக்கப் போனவர்கள்.

"நாமதான், மதினி" என்றாள். "முதல் இடம் எங்க வீட்டு வாசல். நீங்க வந்துட்டுப் போனது."

ஞானசுந்தரி உட்கார்ந்துவிட்டாள். மண்டபம் மறுபடி சிரித்தது. இந்த முறை தலைவரும் சேர்ந்துகொண்டார்.

முடிவு எளிதாக எடுக்கப்பட்டது. பேச வேண்டியதை உள்ளேயே உட்கார்ந்து பேசி முடிக்க வேண்டும். "வாரேன்" ஒரு தரம்தான். வாசலில் யாரும் நிற்கக் கூடாது. கூட்டம் கலைந்தபோது முந்நூற்றுப் பன்னிரண்டு பேரும் வாயைத் திறக்காமல் வாசலைக் கடந்தார்கள். ஏதோ துக்க வீட்டிலிருந்து போவதுபோல் இருந்தது.

வியாழக்கிழமை காபி ஆறு பதினெட்டுக்கு வந்தது. வெள்ளிக்கிழமை ஆறு பதினேழுக்கு, நொடி பிசகாமல் வந்தது. செல்லக்கனி கோப்பையை மகளிடம் நீட்டினாள். இளவேனில் ஒரு வாய் குடித்துவிட்டு அம்மாவைக் கட்டிக்கொண்டாள். கடைசி நாடிப்பதிவு ஓடிக்கொண்டிருந்தது. மாலை ஆறுக்கு அது தானாகவே பூமிக்குப் போய்விடும்.

ஐந்தரைக்கு ஞானசுந்தரி வந்தாள். புடவை விஷயம் இரண்டு வார்த்தை. உள்ளே உட்கார்ந்து, சட்டப்படி, பேசி முடித்தாள். செல்லக்கனி அவளுக்குக் காபி கேட்டுச் சுவரில் பொத்தானை அழுத்தப் போனாள். வேண்டாம், நேரமாச்சு என்று அவள் எழுந்துகொண்டாள். இருந்தாலும் செல்லக்கனி குழாயின் அடியில் கோப்பையை வைத்து அழுத்திவிட்டாள்.

"வாரேன், மதினி."

கதவு திறந்தது. ஞானசுந்தரி வாசலைத் தாண்டி ஒரு கால் வைத்தாள். பிறகு திரும்பினாள். ஊரே இப்படிக் கட்டுப்பட்டு நடக்கும் என்று தான் எதிர்பார்க்கவே இல்லை என்றாள். செல்லக்கனியும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். கூடவே வாசலுக்கு வந்தாள். மூன்றாம் வீட்டுச் சேவியர் நேற்று வாயில் கைக்குட்டையை வைத்துக்கொண்டே ஓடியதைச் சொன்னாள். இருவரும் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நடைவழி நெடுகக் கதவுகள் திறந்திருந்தன. ஒவ்வொரு வாசலிலும் இரண்டு பேர், மூன்று பேர். எல்லாரும் அதையேதான் பாராட்டிக்கொண்டிருந்தார்கள். எதிர்வீட்டுக்காரி அங்கிருந்தே கை தூக்கி, நாளை பந்தி எத்தனை மணிக்கு என்று கேட்டாள்.

மணி ஐந்து ஐம்பத்தாறு. சுவர்க்குழாயின் அடியில் கோப்பை இன்னும் காலியாகவே இருந்தது.

"மனுசங்க நினைச்சா எதையும் மாத்திக்கலாம், மதினி" என்றாள் ஞானசுந்தரி. "அப்போ நான் வாரேன். ஆங், ஒண்ணு கேக்க மறந்துட்டேன்..."

"கதவை மூடலாமா?"