நடைபவனி நாளில் ஒரு அலறல்!

"ஆஆஆ...!"

பேண்ட் வாத்திய அறையிலிருந்து வந்த அந்த அலறல், மைதானத்தில் நின்ற அத்தனை பேரையும் ஒரு விநாடி கல்லாக்கியது.

காலை ஏழு நாற்பது.

மஸ்கெலியாவுக்கு மேலே, தேயிலைச் சரிவில் நிற்கும் அந்தப் பாடசாலைக்கு இன்று நூறு வயது. பழைய மாணவர்கள் கொழும்பிலிருந்தும் கனடாவிலிருந்தும் வந்து குவிந்திருந்தார்கள். எட்டரைக்கு நடைபவனி. டவுன் வரை ஊர்வலம். எல்லாருக்கும் முன்னால் பேண்ட். பேண்டுக்கும் முன்னால் லீடர்.

லீடர், தனுஷிகா!

அந்தப் பெயரைக் கேட்டாலே கிருஷாந்திக்கு வயிறு எரியும்.

ஆறாம் ஆண்டிலிருந்து ட்ரம் அடிக்கிறாள் கிருஷாந்தி. இப்போது ஏ.எல். வகுப்பு. விரலெல்லாம் காய்ப்பு. அடைமழையிலும் பிராக்டிஸை விட்டதில்லை. தனுஷிகா பேண்டில் சேர்ந்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. ஆனால்... நெட்டையாக இருந்தாள்.

அவ்வளவுதான் தகுதி!

"லீடர்னா தூரத்துல இருந்தே தெரியணும் கிருஷாந்தி. நீ கொஞ்சம் குள்ளம்" என்று பேண்டுக்குப் பொறுப்பான ஜொய்சி டீச்சர் சொன்ன அன்று, தோட்டத்து லய வீட்டுக்குத் திரும்பிய கிருஷாந்தி ராத்திரி சாப்பிடவில்லை. அம்மா கேட்டதற்குப் பல்வலி என்று பொய் சொன்னாள்.

அந்த எரிச்சல்தான் நேற்று அவளை அந்தக் காரியம் செய்ய வைத்தது...

இப்போது அலறல்!

'ஐயோ... நான் செஞ்சதுதான்!'

ட்ரம்மைப் போட்டுவிட்டு ஓடினாள். பேண்ட் அறைக்கு முதலில் போய்ச் சேர்ந்தது அவள்தான்.

தனுஷிகா மல்லாந்து கிடந்தாள். தலைக்குப் பின்னால் ரத்தம். வெள்ளைச் சட்டையின் தோளில் சிவப்பு ஊறிக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஒரு மர மேசை. அதன் முனையிலும் ரத்தம்!

"தனு... ஏய் தனு!"

கண் திறக்கவில்லை.

பின்னால் காலடிச் சத்தம். கூட்டம் வாசலை அடைத்தது. ரத்தத்தின் நடுவில் கிருஷாந்தி மட்டும் தனியாக நின்றாள்.

எல்லார் கண்ணும் அவள்மீது!

*

தனுஷிகாவை வேனில் ஏற்றிக்கொண்டு ஜொய்சி டீச்சர் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டாள்.

பாடசாலை அதிபரின் அறையில் விசாரணை. நடைபவனிக்காக வீதியில் வாகனங்களை ஒழுங்குபடுத்த வந்திருந்த பொலிஸ் சார்ஜன்ட் அலோசியஸ், பேண்ட் அறையைப் பார்த்துவிட்டு வந்து தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தார். அவரும் இதே பாடசாலையில் படித்தவர்.

"இந்த ரூமுக்குள்ள நான் வந்ததெல்லாம் அடி வாங்கத்தான். இன்னிக்குத்தான் மொத தடவையா கேள்வி கேக்க வந்திருக்கேன்" என்றார்.

யாரும் சிரிக்கவில்லை.

"புள்ள, நீ போனப்போ உள்ள யாரும் இருந்தாங்களா?"

"இல்லங்க சேர்."

"பின்கதவு?"

"தொறந்து கெடந்துச்சு..."

"அந்தப் புள்ளைக்கும் உனக்கும் சண்டையா?"

கிருஷாந்தி வாயைத் திறக்குமுன் இன்னொரு குரல் முந்தியது.

"சண்டையா? பொறாமை சார்ஜன்ட், பொறாமை!"

பழைய மாணவர் சங்கச் செயலாளர் பூரணி. முப்பத்தெட்டு வயது. பட்டுப் புடவை, மார்பில் நூற்றாண்டு பேட்ஜ். கொழும்பில் பெரிய கம்பெனியில் வேலை.

"லீடராகலைன்னு இவ முகத்தைத் தூக்கி வச்சிக்கிட்டு அலைஞ்சது ஸ்கூலுக்கே தெரியும். கேட்டுப் பாருங்க!"

 இனி மறைக்க முடியாது. மறைக்கவும் கூடாது!

"ஆமாங்க சேர்... நான்தான்!"

அறை திடுக்கிட்டது.

"நேத்து... தனுவோட பூட்ஸ்ல... ஒரு குதியை ஆட்டி விட்டுட்டேன். ஊர்வலத்துல எல்லாரும் பார்க்கத் தடுக்கி விழணும், வெக்கப்படணும்... அவ்வளவுதான் நெனச்சேன். மண்டை உடையும்னு சத்தியமா நெனைக்கலைங்க சேர்!"

உடைந்து அழுதாள்.

"பார்த்தீங்களா!" என்றாள் பூரணி.

அலோசியஸ் நிதானமாகத் தலையைச் சொறிந்தார்.

"நீ பண்ணது கேவலமான வேலைதான். அதுக்கு டீச்சர் உனக்குக் குடுப்பாங்க. ஆனா அந்த பூட்ஸ் ரெண்டும் இன்னும் பெட்டிக்குள்ளதான் இருக்கு. தனுஷிகா காலுல வெறும் மேஜோடு, சாக்ஸ் மட்டுந்தான்!"

"சேர்...?"

"போடாத பூட்ஸ் யாரையும் தள்ளாது, புள்ள."

கிருஷாந்திக்கு மூச்சு வந்தது. 

அப்படியானால்... தள்ளியது யார்?

"பூட்ஸ் இல்லாட்டி என்ன? கையாலயே தள்ளியிருப்பா!" பூரணியின் குரல் உயர்ந்தது. "பாவம் அந்தப் புள்ள! கோலை ரெண்டு கையாலயும் இறுக்கிப் புடிச்சிக்கிட்டு நின்னவளை இப்படித் தள்ளி விட்டிருக்காளே!"

அலோசியஸ் நிமிர்ந்தார்.

"என்ன கோலுங்க?"

"லீடர் பிடிக்கிற வெள்ளிக் கோல்தான். வேற என்ன?"

"நான் உள்ள போனப்போ அந்தக் கோல் கண்ணாடி அலுமாரிக்குள்ள தொங்கிச்சு. இல்லையா கிருஷாந்தி?"

"ஆமாங்க சேர். நானும் பார்த்தேன். அலுமாரி சாத்தியிருந்துச்சு."

"அது அவ கையில இருந்துச்சுன்னு உங்களுக்கு எப்படிங்க தெரியும்?"



மைதானத்தில் யாரோ ட்ரம்பெட்டை ஊதிப் பார்த்தார்கள். பூரணியின் மேலுதட்டில் வியர்வை அரும்பியது. மஸ்கெலியாக் குளிரில், காலை எட்டு மணிக்கு!

"நான்... சும்மா... அப்படி இருந்திருக்கும்னு..."

"அப்போ அலுமாரிக் கண்ணாடியில இருக்கிற கைரேகையையும் சும்மா ஒருக்கா பார்த்துருவோமா?"

பூரணி பொத்தென்று நாற்காலியில் விழுந்தாள்.

"கொல்லணும்னு இல்ல..." குரல் கம்மியது. "இந்த ஸ்கூல் பேண்டோட மொத லீடர் நான். அந்தக் கோலோட டவுன்ல நடந்தப்போ சனமெல்லாம் என்னைத்தான் பார்த்துச்சு. அதுக்கப்புறம் எந்த ஒபிஸ்ல, எந்த மேடையில என்னை யாரு அப்படிப் பார்த்தா? இன்னிக்கு ஒரு நாள் நானே முன்னால நடக்கிறேன்னு ஜொய்சிகிட்டக் கேட்டேன். முடியாதுன்னுட்டா. சரி, ஒரு தடவை கையிலயாவது புடிச்சிப் பார்ப்போம்னு அந்தப் புள்ளகிட்டப் போனேன்..."

"போயி?"

"சிரிச்சா சார்ஜன்ட்! 'இது பாரம் ஆன்ட்டி, உங்களால தூக்க முடியாது'ன்னு சொல்லிச் சிரிச்சா! எனக்கு என்ன ஆச்சுன்னே தெரியல. கோலைப் புடிச்சி இழுத்தேன். அவ விடல. ஓங்கித் தள்ளிட்டேன்..."

"தள்ளிட்டு, கோலை அலுமாரியில மாட்டிட்டு, பின்கதவால போயி, கூட்டத்தோட கூட்டமா வந்து நின்னுட்டீங்க. இந்தச் சின்னப் புள்ள தலையில பழியையும் தூக்கிப் போட்டுட்டீங்க!"

பூரணி முகத்தை மூடிக்கொண்டாள்.

கிருஷாந்தி அவளையே பார்த்தாள். கோபம் வரவில்லை. பயம்தான் வந்தது. இருபது வருஷம் போனால் தானும் இப்படித்தான் எரிந்துகொண்டிருப்பாளோ...?

அதிபரின் போன் அலறியது!

ஆஸ்பத்திரியிலிருந்து ஜொய்சி டீச்சர்.

"முழிச்சிட்டா சேர்! ஆறு தையல். பயமில்லையாம். கிருஷாந்திகிட்ட பேசணும்ங்கிறா..."

போன் கை மாறியது. பூட்ஸ் விஷயத்தைக் கிருஷாந்தி ஒரே மூச்சில் ஒப்பித்தாள். 

"நாசமா போறவளே..." என்றாள் தனுஷிகா பலவீனமாக. "நல்லா இருப்பியா நீ?"

"மன்னிச்சிரு தனு..."

"மன்னிக்க மாட்டேன். ஆனா ஒண்ணு கேட்டுக்க. நான் எம்புட்டு நெட்டையா முன்னால நடந்தாலும், சனம் ஆடுறது என்னமோ உன் ட்ரம்முக்குத்தான். எனக்கு எத்தனை நாள் எரிஞ்சிருக்குன்னு தெரியுமாடி? அந்த ட்ரம்மை ஒரு நாளைக்குக் கிழிச்சிரலாமான்னுகூட நெனச்சிருக்கேன்!"

கிருஷாந்தி அழுதுகொண்டே சிரித்துவிட்டாள்.

*

எட்டரை என்றது ஒன்பதேகால் ஆனது.

"இன்னிக்கு லீடர் இல்லாமத்தான் பேண்ட் போகும். அந்த இடத்துல நீயும் நடக்கக் கூடாது. அதுதான் உனக்குத் தண்டனை" என்று ஜொய்சி டீச்சர் கிருஷாந்தியிடம் போனிலேயே சொல்லிவிட்டாள்.

கிருஷாந்தி ட்ரம்மை மாட்டிக்கொண்டாள். முன்னால் தனுஷிகாவின் இடத்தை அப்படியே விட்டுவிட்டு, இரண்டாம் வரிசையில் நின்று குச்சிகளை உயர்த்தினாள்.

டம்... டம்... டடடம்!

வளைவில் நின்ற பஸ்காரர்கள்கூடத் தலையாட்டினார்கள்.

பாடசாலை வாசலில், பூரணியை ஏற்றிய ஜீப்பில் சாய்ந்தபடி அலோசியஸ் பொலிஸ் பொறுப்பதிகாரிக்குப் போனில் அறிக்கை கொடுத்துக்கொண்டிருந்தார்.

"ஆமாங்க சேர், ஆளைப் புடிச்சாச்சு. குத்தத்தையும் ஒத்துக்கிட்டாங்க... காரணமா? ரொம்ப பயங்கரமான காரணம் சேர்..."

ஜீப்புக்குள் எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"முப்பத்தெட்டு வயசுப் பொம்பளையை 'ஆன்ட்டி'ன்னு கூப்பிட்டுருச்சு சேர்!"