'செல்லாயி' தொலைத்த கப்பல்

1982 மார்ச் 13, சனிக்கிழமை. லூமுட் படகுத்துறையிலிருந்து காலை ஒன்பதே காலுக்குப் புறப்பட்ட 'செல்லாயி' என்ற படகு, முக்குளிப்புச் சங்கத்தைச் சேர்ந்த பன்னிரண்டு பேருடன் நான்கு மணி நேரம் தேடியும், போர்க்காலத்தில் மூழ்கிய சரக்குக் கப்பலைக் காணாமல் திரும்பியது.

திங்கட்கிழமை காலை அந்தப் படகின் உரிமையாளர் பிச்சைமுத்து, ஈப்போவில் வள்ளியப்பனின் அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தார். வள்ளியப்பன் காப்பீட்டு நிறுவனங்களுக்காக விபத்துகளையும் திருட்டுகளையும் விசாரித்துக் கொடுப்பவர். வயது ஐம்பது. நீச்சல் தெரியாது. கார் ஓட்டுவதும் தட்டச்சு செய்வதும் அவர் மனைவி சொர்ணத்தின் வேலை. சந்தேகப்படுவதும் பெரும்பாலும் சொர்ணத்தின் வேலைதான்.

"கப்பல திருடிட்டாங்க அண்ணே," என்றார் பிச்சைமுத்து.

"எவ்வளவு பெரிசு?"

"எரநூறு அடி இருக்கும்."

"எங்க நிறுத்தியிருந்தீங்க?"

"நிறுத்தலண்ணே. நாப்பது வருசமா கடலுக்கு அடியில கெடக்கு. எம்பது அடி ஆழம்."

சொர்ணம் தட்டச்சு இயந்திரத்திலிருந்து கையை எடுத்துவிட்டு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

பிச்சைமுத்து முதலிலிருந்து சொன்னார். டிசம்பர் பத்தொன்பதாம் தேதி கப்பல் இருந்தது. ஜனவரி, பிப்ரவரி இரண்டு மாதமும் படகின் இஞ்சினைப் பிரித்துப் போட்டிருந்தார். மார்ச் ஆறாம் தேதி போனால் இல்லை. பதின்மூன்றாம் தேதியும் இல்லை.

"வர்ற சனிக்கிழம காட்டலன்னா சங்கத்துக்காரங்க அடுத்த போட்டுக்குப் போயிருவாங்க. அவங்க போயிட்டா நான் போட்ட வித்துட்டு மறுபடி எஸ்டேட்டுல செம்பனைக் குலை வெட்டப் போகணும்."

"யார் மேல சந்தேகம்?"

"என் மச்சான் சீனி மேலதான். அந்த எடம் அவனுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். அவன்தான் மொதல்ல எறங்கி நங்கூரத்தக் கப்பல்ல மாட்டுறவன். நாலு தடவ எறங்கினான், நாலு தடவையும் சேறுதான் இருக்குங்கிறான். பொய்லா! அடுத்த போட்டுக்காரன்கிட்ட எடத்த வித்துட்டான். அன்னிக்கே போட்ட விட்டு எறக்கிட்டேன்."

"உங்க வீட்டுல ஒண்ணும் சொல்லலியா?" என்று கேட்டார் சொர்ணம்.

"ஆச்சி, தம்பிய எறக்கினவனுக்குச் சோறு கெடையாதுன்னுட்டா. ரெண்டு நாளா கடையில ரொட்டி சானாய்தான்."

மறுநாள் காலை லூமுட்டுக்குப் போகும் வழி முழுவதும் சொர்ணம் வழக்கைத் தீர்த்துக்கொண்டே கார் ஓட்டினார். "இங்கருங்க, பழைய இரும்புக்காரங்க வேலையா இருக்கும். அறுத்து எடுத்துட்டுப் போயிருப்பாங்க."

"எரநூறடி இரும்ப ரெண்டு மாசத்துல அறுக்கணும்னா பாரந்தூக்கி வேணும், கூலிக்கு அம்பது பேர் வேணும். லூமுட் சாப்பாட்டுக் கடையெல்லாம் அதே பேச்சா இருக்கும்."

"அப்ப சீனிதான்."

"நங்கூரத்தப் பார்த்துட்டுச் சொல்றேன்," என்றார் வள்ளியப்பன்.

'செல்லாயி'யின் முன்தளத்தில் நங்கூரம் சனிக்கிழமை தூக்கி வைத்தபடியே கிடந்தது. அதன் கொக்கிகளில் சாம்பல் நிறச் சேறு காய்ந்து வெடித்திருந்தது. வள்ளியப்பன் நகத்தால் சுரண்டிப் பார்த்தார்.

"கப்பல்ல மாட்டினா என்ன ஒட்டிட்டு வரும்?"

"துருவும் சிப்பியும்தான் வரும்," என்றார் பிச்சைமுத்து. சொல்லிவிட்டு அவரும் குனிந்து அந்தச் சேற்றைத் தொட்டுப் பார்த்தார்.

சுக்கான் அறையில் சட்டம் போட்ட வண்ணப் புகைப்படம் ஒன்று தொங்கியது. தலைப்பாகையும் மாலையுமாகப் பிச்சைமுத்து நிற்க, பின்னால் கிளிப்பச்சையும் மயில் நீலமுமாக ஒரு சிறிய கோபுரம்.

"எங்க எஸ்டேட் மாரியம்மன் கோயிலு. பிப்ரவரியில கும்பாபிஷேகம் ஆச்சு," என்று மார்பை நிமிர்த்தினார் பிச்சைமுத்து. "சங்கத்துக்காரங்க நம்ம போட்டுக்கு வந்தா கோபுரத்துக்குப் பெயிண்ட் அடிக்கிறேன்னு ஆத்தாகிட்ட வேண்டியிருந்தேன். பூராவும் என் உபயம்."

வள்ளியப்பன் படத்தை நெருங்கிப் பார்த்தார். பிறகு சீனியை வரவழைக்கச் சொன்னார். சீனி வந்தான், காற்றுச் சிலிண்டரைத் தோளில் போட்டுக்கொண்டு, அக்காள் கணவரின் முகத்தைப் பார்க்காமல் படகின் பின்பக்கம் போய் உட்கார்ந்தான்.

கரையிலிருந்து நாலு மைல் தள்ளிப் படகு நின்றது.

"நடுக்கடல்ல இந்த இடம்னு எப்படிக் கண்டுபிடிக்கிறீங்க?" என்று கேட்டார் வள்ளியப்பன்.

"ரெண்டு கோடுண்ணே. வடக்க பாருங்க, கலங்கரை விளக்குப் பாறை அந்தத் தீவு முனைய மறைக்கணும். மறைச்சிருச்சா? இப்பக் கெழக்க பாருங்க. மலையில ஒரு பள்ளம் தெரியுதா? அதுக்கு நேர் கீழ நம்ம கோபுரம் வெள்ளையா வரணும். தோ, வந்திருச்சு. ரெண்டு கோடும் வெட்டுற எடத்துல கப்பல் கெடக்கணும்."

சீனி இறங்கினான். பத்து நிமிடத்தில் மேலே வந்து, கண்ணாடியைக் கழற்றாமலே ஒரு பிடி சேற்றைத் தளத்தில் வைத்தான். "சேறு. அஞ்சாவது தடவ."

"அவர் சொல்றது சரிதான்," என்றார் வள்ளியப்பன். "கப்பலும் அதே இடத்துலதான் இருக்கு. நகர்ந்தது நீங்க."

"நானா? நான் கோட்டுலதானே நிக்கிறேன்!"

வள்ளியப்பன் பையிலிருந்து தொலைநோக்கியை எடுத்து, ஒருமுறை கரையைப் பார்த்துவிட்டு நீட்டினார்.

"இத்தன வருசம் கடல் பாத்த கண்ணுக்கு இதெல்லாம் எதுக்கு?" என்று சொல்லிக்கொண்டே பிச்சைமுத்து அதை வாங்கிக் கரையைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். அவர் காது மடல் சிவந்தது.

"அது... தண்ணித் தொட்டிதான்லா!"

"புதுசு," என்றான் சீனி. "செம்பனை நாத்துக்குன்னு ஜனவரியில கட்டினாங்க. சுண்ணாம்பு அடிச்சு."

"கோபுரம் எங்கே?" என்று சொர்ணம் தொலைநோக்கியைப் பிடுங்காத குறையாக வாங்கினார்.

"தொட்டிக்குத் தெற்கே கால் மைல்ல இருக்கணும்," என்றார் வள்ளியப்பன். "டிசம்பர் வரைக்கும் அந்தக் கரையில வெள்ளையா இருந்தது கோபுரம் ஒண்ணுதான். அப்புறம் அதுக்குக் கிளிப்பச்சையும் நீலமும் அடிச்சாச்சு. பின்னால இருக்கிறதும் பச்சைக் காடு. நாலு மைல் தள்ளிப் பார்த்தா கோபுரம் மரத்தோட மரமாப் போயிரும். இவர் கண்ணு வெள்ளையைத் தேடுச்சு, வெள்ளை கிடைச்சிருச்சு. பள்ளத்துக்கும் நமக்கும் ஏறக்குறைய நடுவுல நிக்குது கோயில். அங்க கால் மைல் வடக்கே தள்ளிப் பார்த்தா, இங்க அரை மைல் வடக்கே வந்து நிப்போம்."

"அப்ப கப்பலத் திருடினது..." என்று ஆரம்பித்தார் சொர்ணம்.

"உபயம் பிச்சைமுத்து," என்றான் சீனி.

முதலில் சிரித்தது சொர்ணம்தான். பிச்சைமுத்து இஞ்சினை முடுக்கினார். பாறை தீவு முனையை விட்டு விலகாதபடி தெற்கே ஓட்டினார். சொர்ணம் தொலைநோக்கியுடன் முன்னால் நின்று, "இன்னும், இன்னும், கொஞ்சம், நிறுத்துங்க!" என்று கத்தினார். பச்சைக் கோபுரம் பள்ளத்துக்கு நேர் கீழே வந்திருந்தது.

சீனி சிலிண்டரை மாட்டிக்கொண்டான், ஆனால் எழுந்திருக்கவில்லை.

"எறங்குலா," என்றார் பிச்சைமுத்து.

"திருட்டுப் பயலெல்லாம் எறங்கலாமா மச்சான்?"

"சரிலா. தப்பு என் மேலதான். போதுமா?"

"காத்துல கேக்கல."

"தப்பு என் மேலதான்!" என்று பிச்சைமுத்து போட்ட சத்தத்தில் தூரத்தில் வலை இழுத்துக்கொண்டிருந்த மீன்பிடிப் படகிலிருந்து ஒருவர் திரும்பிப் பார்த்தார்.

சீனி நங்கூரக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு பின்பக்கமாகச் சாய்ந்து கடலில் விழுந்தான். குமிழிகள் வந்துகொண்டிருந்தன. வள்ளியப்பன் கடிகாரத்தைப் பார்த்தார்; சொர்ணம் கயிற்றைப் பார்த்தார்; பிச்சைமுத்து எதையும் பார்க்காமல் கண்ணை மூடிக்கொண்டார். எட்டாவது நிமிடம் கயிறு மூன்று முறை இழுபட்டது. சற்று நேரத்தில் சீனியின் தலை தெரிந்தது. வாயிலிருந்த காற்றுக் குழாயைத் துப்பிவிட்டு அவன் கத்தினான்:

"மச்சான், கப்பல் அங்கயேதான் இருக்கு! உங்களத்தான் மூணு மாசமாக் காணோம்னு கேக்குது!"

பிச்சைமுத்து உடுப்போடு கடலில் குதித்து மச்சானைக் கட்டிக்கொண்டார். இருவரையும் மேலே இழுக்க வள்ளியப்பனுக்கும் சொர்ணத்துக்கும் கால் மணி நேரம் ஆயிற்று.

"கோபுரத்துக்கு மறுபடியும் வெள்ளை அடிச்சிருவீங்களா?" என்று கேட்டார் சொர்ணம்.

"ஆத்தாளுக்குக் குடுத்தத மாத்தக்கூடாது ஆச்சி," என்றார் பிச்சைமுத்து, சட்டையைப் பிழிந்தபடி. "இங்க நின்னு பாத்தா தொட்டி எந்த மேட்டுக்கு நேரா வருதுன்னு இப்பவே பாத்து வெச்சுக்கிறேன். வெள்ளை வெள்ளைதானே."

மார்ச் 20ஆம் தேதி, சனிக்கிழமை, சங்கத்தைச் சேர்ந்த பன்னிரண்டு பேரும் இறங்கிக் கப்பலைப் பார்த்தார்கள். அவ்வாண்டு இறுதிவரை 'செல்லாயி'யையே அமர்த்திக்கொள்வதாகச் சங்கம் கையெழுத்திட்டது.