உதவி வந்துகொண்டிருக்கிறது

போன் அலறியது.

முதலாளி ஓட்டலில் சூப்பை உறிஞ்சிக்கொண்டிருந்தார். எடுக்கவில்லை. சாவுச் செய்தியை முதல் மணியிலேயே எடுத்தால் காத்திருந்தவன் மாதிரி ஆகிவிடாதா?

மறுபடி அலறியது. வாயைத் துடைத்து, குரலில் கொஞ்சம் சலிப்பைத் தடவிக்கொண்டு எடுத்தார்.

"யாருங்க? சாப்பிட்டுட்டிருக்கேன்..."

"இன்ஸ்பெக்டர் பேசறேன். உங்க ஆபீஸ்லேர்ந்து. உங்க மச்சினன் இறந்துட்டார் சார். உடனே வாங்க."

"ஐயோ! இதோ வரேன்!"

ஸ்பூன் தரையில் விழுந்து சத்தம் போட்டது. தானாக விழவில்லை. அவர்தான் போட்டார். பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்க்க வேண்டுமே!

காரில் ஒத்திகை பார்த்தார். கண்ணீர் வருவேனா என்றது. கண்ணாடியைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். சுமாராக இருந்தது. போதும்.

மச்சினன்! கம்பெனியில் பாதிப் பங்கு. புத்தியில் கால் பங்குகூடத் தேறாது. இருவரும் சேர்ந்து விற்கும் செயலியின் பெயர் 'காவல்'. மீன் ஏற்றுமதிக் கம்பெனிக்காகச் செய்தது. குளிர் அறையில் வேலை செய்கிறவன் உள்ளே மாட்டிக்கொண்டால் போனில் சிவப்பு பட்டனை அழுத்த வேண்டும். வெளியே சூப்பர்வைசர் போன் ஊரைக் கூட்டி அலறும்.

அலற வேண்டும்...

அலறவில்லை!

மீன் கம்பெனி வாங்கிக் குவித்தது மலிவு போன்கள். அவற்றில் ஆப் கடை கிடையாது. அந்தக் கடையோடு ஒட்டிக்கொண்டு வரும் தபால்காரனும் கிடையாது. தூங்குகிற செயலியைத் தட்டி எழுப்பி, 'உனக்குச் சேதி வந்திருக்கு' என்று சொல்கிறவன் அவன்தான். அவன் இல்லாத போனுக்கு எத்தனை அபயக்குரல் அனுப்பினாலும் வாசலிலேயே கிடக்கும்.

இதைக் கண்டுபிடித்தவள் டெஸ்டிங் பார்க்கும் பெண். ஆபீஸில் அவளுக்குப் பெயர் நொட்டை. எதைக் கையில் கொடுத்தாலும் நொட்டை சொல்லுவாள். அவளுக்குச் சம்பளமே அதற்குத்தான் என்பது முதலாளிக்கு மறந்துபோயிருந்தது.

"சார், தபால்காரன் இல்லேன்னா ஆப்பே விடாம போய் 'எனக்கு ஏதாவது வந்திருக்கா'ன்னு கேட்டுக்கிட்டே இருக்கணும். அதை நான் எழுதி வச்சிட்டேன்."

"பேட்டரி குடிக்குமா?"

"குடிக்கும் சார்."

"அப்ப குப்பையில போடு. மத்தியானமே சார்ஜ் தீர்ந்துட்டா எவன் வாங்குவான்? பட்டனை அழுத்தினா பெருசா ஒரு பச்சை டிக் காட்டு. கீழே 'உதவி வந்துகொண்டிருக்கிறது'ன்னு போடு. முடிஞ்சுது!"

"உதவி வராதே சார்..."

"மனுஷனுக்கு நம்பிக்கைதாம்மா முக்கியம்!"

அப்போது குதித்தவன்தான் மச்சினன். "மாமா, இதுல ஆளு செத்துப்போவான். நான் கையெழுத்து போட மாட்டேன். மீன் கம்பெனியில போய் அப்படியே சொல்லிடுவேன்."

அதனால்தான் இன்று காலை, சோதனைக்கென்று கீழ்த்தளத்தில் வாடகைக்குப் பிடித்த குளிர் அறைக்கு அவனைக் கூட்டிப்போனார்.

"சரிடா, நீயே உள்ளே நின்னு அழுத்திப் பாரு. அலறலைன்னா ஒப்பந்தத்தையே கிழிச்சுடறேன்."

அரைக்கை சட்டையோடு உள்ளே போனான், அசடு! சுவர் கனத்துக்கு ஒரு கதவு. வெளிப்பக்கம் மட்டும் தாழ்ப்பாள்.

க்ளிக்!

முதலாளி அந்தச் சூப்பர்வைசர் போனை நொட்டையின் மேசையில் வைத்துவிட்டுச் சாப்பிடக் கிளம்பினார். அலறாத போன் அவள் மேசையில்... பழியும் அவள் மேசையில்!

ஆபீஸில் மீட்டிங் மேசைமேல் வெள்ளைத் துணி போர்த்திக் கிடந்தது உடல். பக்கத்தில் முதலாளியின் மனைவி. அழவில்லை. தம்பி போன அதிர்ச்சியில் உறைந்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டார்.

"மச்சான்...! டேய்...! என்னைத் தனியா விட்டுட்டுப் போயிட்டியேடா...!"

"எப்படி நடந்திருக்கும் சார்?" என்றார் இன்ஸ்பெக்டர். அவர் கையில் தேய்ந்துபோன பட்டன் போன். முதலாளிக்கு உள்ளுக்குள் சிரிப்பு வந்தது. இந்த ஆளா நம்மைப் பிடிக்கப்போகிறார்!

"டெஸ்டிங்னு தனியா உள்ளே போயிருப்பான் சார். கதவு காத்துல சாத்தியிருக்கும். பட்டனை அழுத்தியிருக்கான், பச்சை டிக் வந்திருக்கு. வருவாங்க வருவாங்கன்னு நம்பியே வெறைச்சுப் போயிருக்கான்...!" மூக்கை உறிஞ்சினார். சட்டென்று விரலை நீட்டினார். "இவதான் சார் கொலைகாரி! அலாரம் போன் இவ மேசையிலதான் இருந்தது!"

நொட்டை தலையைக் குனிந்தபடி சொன்னாள். "அலறினாதானே சார் ஓடமுடியும்?"

"அது அலறாதுன்னு உனக்குத் தெரியும்! எங்கிட்ட மறைச்சிட்டே!"

இன்ஸ்பெக்டர் தலையைச் சொறிந்தார். "ஒண்ணும் புரியல சார். நமக்கு இந்தப் போன்லயே அலாரம் வைக்கத் தெரியாது. மெசேஜ் போனா அலறித்தானே ஆகணும்? இந்தப் பொண்ணு நல்லா பார்த்திருக்க மாட்டா."

கேட்டுவிட்டாரே ஒரு கேள்வி! முதலாளியால் எதையும் தாங்க முடியும். தன் எதிரில் ஒருவன் போனைப் பற்றி அபத்தமாகப் பேசுவதைத் தாங்க முடியாது.

"பட்டன் போன் மூளைக்கு இதெல்லாம் ஏறாது சார்! எழுப்பி விடற வசதியே அந்தப் போன்ல கிடையாது. கிடையாதுன்னா கிடையாது! நானே அதைக் கையில வச்சுக்கிட்டு எத்தனை தரம் அழுத்திப் பார்த்தேன் தெரியுமா? ஒரு தரம்கூட..."

நின்றார்.



"ஒரு தரம்கூட அலறல," என்று முடித்துவைத்தார் இன்ஸ்பெக்டர். "அப்புறமும் அதை விக்கப் போனீங்க. அது அலறாதுன்னு நம்பித்தான் இவரை உள்ளே அனுப்பினீங்க. ஆமா, எப்படிச் செத்தார்னு போன்ல ஒரு வார்த்தை கேட்கவே இல்லையே சார்?"

"அது... பதட்டத்துல..."

"ஹ... ஹ... ஹச்ச்ச்!"

துணி எழுந்தது.

முதலாளி நாற்காலிமேல் நின்றார். ஏறியது எப்போது என்று அவருக்கே தெரியாது!

"துணி ஒரே தூசி மாமா," என்றான் பிணம். மூக்கு சிவந்திருந்தது. உள்ளே இரண்டு கம்பளி. "கதவை ஏன் மாமா தாழ் போட்டீங்க? காத்துக்குத் தாழ் போடக்கூடத் தெரியுமா?"

"நீ... நீ எப்படிடா...?"

"அலறிச்சு சார்," என்றாள் நொட்டை. "தெருமுனை வரைக்கும் கேட்டுது."

"அது எப்படி அலறும்? நீ எழுதினதைத்தான் குப்பையில போடச் சொன்னேனே!"

"சொன்னீங்க சார். ஆனா அந்தப் போன்லதான் கடை கிடையாதே. புது ஆப்பை ஒயர் மாட்டிக் கையாலதானே ஏத்தணும்? நேத்து அதை என்கிட்ட சார்ஜ் போடக் கொடுத்தீங்க. ஒயரைத்தான் மாட்டியாச்சேன்னு நான் எழுதினதையும் ஏத்திட்டேன்." ஒரு கணம் தயங்கினாள். "பச்சை டிக்கைப் பார்த்ததிலேர்ந்து தூக்கமே வரல சார். உள்ளே நிக்கப்போறது யாரோ ஒருத்தரோட அண்ணன், தம்பிதானே?"

முதலாளி மனைவி பக்கம் திரும்பினார். "நீயாவது சொல்லும்மா! நான் போய்..."

அவள் தம்பியின் கம்பளியை இழுத்துச் சரிசெய்துகொண்டிருந்தாள். திரும்பவேயில்லை.

ஜீப்பில் ஏற்றினார்கள்.

பின்சீட்டில், இரண்டு கான்ஸ்டபிள்களுக்கு நடுவே, முதலாளி சட்டைப்பையைத் தடவினார். மீன் கம்பெனிக்குக் காட்ட வைத்திருந்த சாம்பிள் போன்! திருட்டுத்தனமாக எடுத்தார். சிவப்பு பட்டனை அழுத்தினார்.

பெரிய பச்சை டிக்.

'உதவி வந்துகொண்டிருக்கிறது.'

என்ன சொல்ல? ஒரு நிமிஷம் அவரே நம்பிவிட்டார்!

ஜீப்புக்கு வெளியே சூப்பர்வைசர் போன் அலறியது. அது மனைவி கையில் இருந்தது. காக்கைகள் பறந்தன. பக்கத்துக் கட்டடத்தில் ஜன்னல்கள் திறந்தன. முதலாளி ஜன்னல் வழியாகக் கையை ஆட்டினார்.

"நான்தான்...! இங்கே...! நான்தாம்மா...!"

அவள் திரையைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். நொட்டையிடம் போனை நீட்டினாள்.

"இதை எப்படிம்மா நிறுத்தறது? சும்மா பேட்டரியைக் குடிக்குது!"