பாட்டில்லாத பாட்டுப் புத்தகம்

பாட்டுப் புத்தகத்தில் பாட்டு ஒன்றுகூட இல்லை.

சூசைமுத்து அதை முதலில் அச்சுக்கூடத்தின் பிழை என்றுதான் நினைத்தான். மஞ்சள் தாளில் எட்டுப் பக்கங்கள். அட்டையில் 'திரும்பிய முகம்' என்ற தலைப்பு. அதன்கீழே முதுகு காட்டி அமர்ந்திருக்கும் ஒரு பெண்ணின் படம். பல்லவியும் சரணமும் இருக்க வேண்டிய பக்கங்களிலெல்லாம் கதைச் சுருக்கமே நீண்டுகொண்டு போயிற்று. அச்சு மையின் வாடையோடு இன்னொரு வாடையும் அந்தத் தாளில் இருந்தது. நெடுநாள் பூட்டிக் கிடந்த பெட்டியைத் திறந்ததும் முகத்தில் அறையுமே, அந்த வாடை.

அறுபத்தொன்றாம் ஆண்டு ஐப்பசி மாதத்துச் சனிக்கிழமை அது. நாகல் நகர்ப் பூட்டுப் பட்டறையில் அன்று அரை நாள்தான் வேலை. டூரிங் கொட்டகை வாசலில் பாட்டுப் புத்தகம் விற்கும் பொம்மையன், டைரக்டர் பூவராகனின் படம் வந்தால் முதல் பிரதியைச் சூசைமுத்துவிடம் கொண்டுவந்து கொடுப்பது வழக்கம். அன்றும் கொடுத்தான். ஆனால் வழக்கம்போல் நின்று பேசவில்லை. புத்தகக் கட்டு வந்து இறங்கியதைத் தான் பார்க்கவில்லை என்றும், காலையில் பெட்டியைத் திறந்தபோது உள்ளே இருந்தது என்றும் சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

பூவராகனின் படங்களை ஊரில் பலர் பார்த்துச் சிரித்தார்கள், சிலர் பயந்தார்கள். சிரிப்பும் பயமும் ஒரே மூச்சில் வருவதுதான் அவற்றின் அழகு என்பதைச் சூசைமுத்து ஒருவனே அறிந்திருந்தான். அந்தப் படங்களில் எந்த வீடும் நேராக நிற்பதில்லை. கதவுகள் மேலே அகன்றும் கீழே குறுகியும் இருக்கும். 'வௌவால் மாமா'வில் குடையை விரித்துக்கொண்டு உத்தரத்தில் தலைகீழாய்த் தொங்கிய மெலிந்த மனிதர், யாரும் தன்னைக் கல்யாணத்துக்கு அழைக்கவில்லையே என்று கண்ணீர் விட்டார். அந்தக் கண்ணீர் நெற்றி வழியாக இறங்கியது. கொட்டகையே சிரித்தபோது சூசைமுத்து அழுதான். ஒவ்வொரு படமும் மரத்தால் செய்த ஒரு காகம் சொல்லும் சிறு நீதிக்கதையோடு தொடங்கும். ஒவ்வொரு படத்திலும், யாருக்காகவோ காத்திருக்கும் ஒருவர் கடைசியில் மாறிப்போவார். கண்கள் மூடியிருக்கும், மூடிய இமைகளின்மேல் மையால் தீட்டிய வேறு கண்கள் திறந்திருக்கும். அந்தக் கண்கள் இமைப்பதில்லை.

பூவராகன் சித்திரையில் இறந்துபோனார். கடைசிப் படத்தின் முடிவை எடுக்காமலே போய்விட்டார் என்று பேசிக்கொண்டார்கள்.

முடிவு விஷயத்தில் சூசைமுத்துவுக்கு ஒரு பெருமை உண்டு. எந்தப் பாட்டுப் புத்தகமும் கதையைப் பாதியில் நிறுத்தி, மீதியை வெள்ளித்திரையில் காணுமாறு சொல்லி முடியும். சூசைமுத்து அந்த மீதியைப் படம் பார்க்கும் முன்பே பென்சிலால் எழுதிவைப்பான். ஐந்து படங்கள்; ஐந்து முறையும் அவன் எழுதியதே நடந்தது. பட்டறையில் அடுத்த மேசையில் அரம் பிடிக்கும் ராயப்பராஜ் ஐந்து முறையும் பந்தயத்தில் தோற்று, வடையும் டீயும் வாங்கிக் கொடுத்திருந்தான்.

"ஏலே மாப்ள, அந்தாளே முடிவு எடுக்காமப் போய்ட்டாரு. இல்லாத முடிவை நீ எங்கிட்டுப் போய்த் தேடப் போற?" என்றான் ராயப்பராஜ்.

"அவரு விட்டா என்ன, நான் எழுதுறேன்."

ராயப்பராஜ் சிரித்துக்கொண்டே போனான். பட்டறை காலியாயிற்று. சூசைமுத்து சன்னலோரம் அமர்ந்து படித்தான்.

மலைக்கோட்டையின் நிழல் விழும் ஓர் ஊர். அங்கே பூட்டுச் செய்யும் ஒருவன். கருவுற்ற மனைவியை வீட்டில் வைத்துப் பூட்டிவிட்டு, அவன் திரைப்படம் பார்க்கப் போகிறான். படித்தபோது சூசைமுத்துவுக்கு அச்சம் வரவில்லை. மகிழ்ச்சியே வந்தது. பூவராகனுக்கு அவன் பன்னிரண்டு கடிதங்கள் எழுதியிருந்தான். தன் தொழிலை, ஊரை, மனைவியை எல்லாம் சொல்லியிருந்தான். ஒன்றுக்கும் பதில் வரவில்லை. இதோ, பதில். அந்த மனிதர் சாகும் முன்பு தன்னையே கதாநாயகனாக்கிவிட்டுப் போயிருக்கிறார்.

கதையில் பூட்டுக்காரன் புறப்படும்போது மனைவியின் கண்ணாடி வளையல் ஒன்று உடைகிறது. ஒரு துண்டு நிலைப்படிக்கருகே போய்விட்டதென்றும், வரும்போது பார்த்து வரும்படியும் அவள் சொல்கிறாள். அவன் பூட்டுகிறான், போகிறான். அத்தோடு கதை நின்றது. வெள்ளித்திரையில் காணச் சொல்லும் வரி அங்கே இல்லை. அதற்குப் பதிலாக அரைப் பக்கம் வெறுமையாக விடப்பட்டிருந்தது.

காதிலிருந்த பென்சிலை எடுத்து, ஒருமுறைகூடத் தயங்காமல் அவன் எழுதினான்:

'அவன் கதவைத் திறக்கிறான். அவள் விளக்கைப் பார்த்தபடி அமர்ந்திருக்கிறாள். அவன் அழைக்கிறான். அவள் திரும்புகிறாள். அவள் முகத்தில் கண்கள் மூடியிருக்கின்றன. மூடிய இமைகளின்மேல் வேறு கண்கள் திறந்திருக்கின்றன.'

அப்படித்தான் முடியும். பூவராகன் படம் வேறு எப்படியும் முடியாது.

மேட்டுப்பட்டியில் அவன் வீடு ஓர் அறையும் அடுப்படியும் கொண்டது. அமலராணிக்கு ஏழாம் மாதம். போன வாரம்தான் வளைகாப்பு நடந்தது; இரு கைகளிலும் முழங்கைவரை கண்ணாடி வளையல்கள். அவள் புரண்டு படுத்தாலும், தம்ளரை எடுத்தாலும், சும்மா மூச்சுவிட்டாலும்கூட அந்த ஓசை அறையில் எங்கோ கேட்டுக்கொண்டே இருந்தது.

அவன் படத்துக்குப் போகும் நாளில் வெளியே பூட்டிக்கொண்டு போகச் சொன்னது அவள்தான். உள்ளே தாழ்போட்டால் அவன் வரும்போது அவள் எழுந்து வந்து திறக்க வேண்டும். வயிற்றைத் தூக்கிக்கொண்டு எழுவது பெரும்பாடு. பூட்டு அவனே செய்தது. இடப்பக்கம் மூன்று சுற்று, வலப்பக்கம் ஒரு சுற்று. அந்தக் கணக்கை அவன் அவளுக்குக்கூடச் சொன்னதில்லை.

"அந்தாளு படத்துல வீடெல்லாம் ஏன் கோணலாவே நிக்குது? கொத்தனாரு குடிச்சிட்டு வந்து கட்டுனாரா?" என்று கேட்டாள் அமலராணி.

"கலை, அமலி. உனக்குப் புரியாது."

"எனக்குப் புரிய வேணாம். முடிவை மட்டும் வந்து சொல்லுங்க. முழிச்சிருக்கேன்."

சொல்லிக்கொண்டே அவனுடைய தோள்துண்டை எடுத்து நீட்டினாள். கை நிலையில் இடித்தது. கண்ணாடி உடையும் சிறு ஓசை.

"அடடா. ஒரு துண்டு நிலைப்படிக்கிட்ட போயிருச்சுங்க. வரும்போது பாத்து வாங்க."

கோயிலில் மாலை மணி அடிக்கத் தொடங்கியிருந்தது. தோல் பதனிடும் ஷாப்புகளின் பக்கமிருந்து வந்த ஈரக்காற்றில் ஊறிய தோலின் நாற்றமும், யார் வீட்டிலோ தாளிக்கும் வெங்காய மணமும் கலந்திருந்தன. சூசைமுத்து கையில் தோள்துண்டோடு நின்றான். அவள் வயிற்றில் கை வைத்துக்கொண்டு, ஏன் நிற்கிறீர்கள் என்று பார்வையால் கேட்டாள். வளையல் போட்ட பெண்கள் எல்லார் கையிலும் வளையல் உடைகிறது என்று அவன் தனக்குச் சொல்லிக்கொண்டான். உடைந்தால் யாரும் அதைத்தான் சொல்வார்கள் என்று சொல்லிக்கொண்டான். போகாமல் இருந்துவிடலாம் என்ற எண்ணமும் வந்தது. ஆனால் அது பூவராகனின் கடைசிப் படம். அதற்குமேல் ஒரு படம் வரப்போவதில்லை.

இடப்பக்கம் மூன்று சுற்று. வலப்பக்கம் ஒன்று.

கொட்டகையில் பெஞ்சு டிக்கெட் எடுத்து அமர்ந்தான். முன்னால் மணல் தரையில் பிள்ளைகளும் பெண்களும் நெருங்கி இருந்தார்கள். பீடிப் புகை, கடலைப் பொட்டலம், ஈரமான கீற்றின் மணம். விளக்கு அணைந்தது. கறுப்பு வெள்ளையில் மரக்காகம் தோன்றி, கரகரத்த குரலில் கதை சொன்னது.

ஒரு குளக்கரையில் ஒரு கொக்கு நின்றது. அதற்குப் பசி இல்லை. மீன்கள் ஓடுவதையும் ஒளிவதையும் நாளெல்லாம் வேடிக்கை பார்த்தது. ஒருநாள் மீன்கள் எல்லாம் ஓடுவதை நிறுத்திவிட்டு அந்தக் கொக்கையே பார்த்தன. என்ன பார்க்கிறீர்கள் என்று கொக்கு கேட்டது. நீ செய்யப்போவதைத்தான் என்றன மீன்கள்.

காகம் தலையைச் சாய்த்தது. மரத்தலை. ஆனால் அது சாய்ந்து நின்ற பக்கம் அவன் இருந்த பெஞ்சு வரிசை.

பிறகு ஒரு தெரு வந்தது. திரையில் எல்லாம் சற்றே சாய்ந்திருந்தது. ஆனாலும் கிணற்றடியில் பிளந்து கிடந்த துவைகல்லை அவனுக்கு அடையாளம் தெரிந்தது. மூன்றாவது வீட்டின் நீலக் கதவு கறுப்பாகத் தெரிந்தாலும், அதன் கீழ்ப்பலகையில் எலி கொறித்த இடம் தெரிந்தது. ஒரு கை பூட்டை நெருங்கிற்று. திரை முழுவதும் பூட்டு. அதன் ஓரத்தில் அரத்தால் இழைத்த சிறு சிலுவை. அவன் இழைத்தது.

சாவி திரும்பியது. இடப்பக்கம். இடப்பக்கம். இடப்பக்கம்.

வலப்பக்கம்.

கடிதத்தில் அவன் இதை எழுதவில்லை. எந்தக் கடிதத்திலும் எழுதவில்லை.

பக்கத்திலிருந்தவர் கடலைத் தோலை ஊதிக்கொண்டிருந்தார். மணல் தரையில் யாரோ சிரித்தார்கள். திரையில் கதவு மெல்லத் திறக்க, உள்ளே மாடவிளக்கைப் பார்த்தபடி ஒரு பெண் அமர்ந்திருந்தாள். முதுகு. பின்னல். இரு கைகளிலும் வளையல்கள். படத்தில் வேறெந்த ஓசையும் இல்லை; இசைகூட இல்லை. வளையல்களின் ஓசை மட்டும்.

அவள் தோள் அசைந்தது. திரும்பத் தொடங்கிவிட்டாள்.

சூசைமுத்து சட்டைப் பையிலிருந்து புத்தகத்தை உருவினான். திரையின் வெளிச்சத்தில் அவன் எழுத்து தெளிவாகத் தெரிந்தது. முடிவு இல்லாத படம். முடிவை எழுதியது அவன். எழுதியதை அழித்துவிட்டால் முடிவு இல்லை. முடிவு இல்லையென்றால் அவளுக்கு ஒன்றும் நேராது. சிலேட்டை அழிக்கும் பள்ளிப் பிள்ளையைப்போல் விரலை எச்சிலில் நனைத்துத் தேய்த்தான். 'இமைகளின்மேல்' போயிற்று. 'கண்கள்' போயிற்று. எழுத்துகள் கரைந்து சாம்பல் நிறமாய்ப் பரவின. மீண்டும் நனைத்தான். மீண்டும் தேய்த்தான். மலிவுத் தாள், நூல் நூலாய்த் திரண்டு உரிந்தது. 'முகத்தில்' என்ற சொல் மட்டும் போகவில்லை. அழுத்தி எழுதியிருந்தான்.

அழுத்தித் தேய்த்தான்.

விரல் தாளைத் துளைத்துக்கொண்டு மறுபக்கம் போயிற்று.

அந்தக் கணத்தில் திரையில், பாதி திரும்பிய பெண்ணின் தலையில் ஒரு கரும்புள்ளி தோன்றியது. கொப்புளித்தது. விளிம்பு கருகி விரிந்து, நடுவில் வெள்ளை வெளிச்சம் பீறிட்டது. ரீல் தீய்ந்துவிட்டது. கொட்டகை முழுவதும் விசில்.

"ஆப்பரேட்டர் அண்ணே, தூங்கிட்டியா?" என்று முன்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

திரை வெறும் வெள்ளையாய் நின்றது. முடிவு போய்விட்டது. சூசைமுத்துவுக்கு ஒரு மூச்சு வந்தது. ஒரே மூச்சு. அடுத்த மூச்சில் அவன் எழுந்து ஓடினான்.

தெருவில் விளக்குகள் எரிந்தன. நேரம் அதிகம் ஆகவில்லை; வீட்டுக்கு வீடு சோற்று வாசனை வந்தது. எவரோ அவனைப் பெயர் சொல்லி அழைத்தார்கள். நிற்கவில்லை. துவைகல். கிணறு. மூன்றாவது வீடு. பூட்டு இருந்தபடியே தொங்கிற்று. நேராகத்தான் தொங்கியது. வீடுதான் சற்றுச் சாய்ந்திருப்பதுபோல் பட்டது. ஓடி வந்த மயக்கம் என்று நினைத்தான்.

சாவியை நுழைத்தான். மூன்று. ஒன்று.

கதவு திறந்தது.

மாடவிளக்கு எரிந்தது. அவள் அதைப் பார்த்தபடி அமர்ந்திருந்தாள். முதுகு. பின்னல். மூச்சு சீராக ஏறி இறங்கியது. உயிரோடு இருக்கிறாள். ஒரு கை வயிற்றின்மேல் இருந்தது. உள்ளே குழந்தை புரண்டிருக்க வேண்டும், கை சற்றே உயர்ந்து தாழ்ந்தது. வளையல்கள் ஒலித்தன.

அவன் அழைக்கவில்லை. அவன் எழுதிய முடிவில் அவன் அழைக்கிறான். அதனால் அழைக்கக் கூடாது. பல்லைக் கடித்துக்கொண்டு, ஓசையில்லாமல் ஓர் அடி உள்ளே வைத்தான்.

நிலைப்படிக்கருகே கிடந்த வளையல் துண்டு அவன் காலடியில் நொறுங்கியது.

"வந்துட்டீங்களா?" என்றது அவள் குரல். அதே குரல். கொஞ்சம் தூக்கக் கலக்கம். "முடிவு என்னாச்சு?"

திரும்பினாள்.

கண்கள் இல்லை. இமைகளும் இல்லை. நெற்றியிலிருந்து மோவாய்வரை ஈரமான சாம்பல் நிறம் ஒரே இழுப்பாய்ப் பரவியிருந்தது. விரல் தேய்த்த தடங்கள் தெரிந்தன. தோல் நூல் நூலாய்த் திரண்டு ஓரங்களில் தொங்கியது. நடுவில், ஒரு விரல் நுழையும் அளவுக்கு ஓட்டை.

அந்த ஓட்டை வழியே, அவளுக்குப் பின்னால் அசையாமல் எரிந்துகொண்டிருந்த மாடவிளக்கின் சுடர் அவனுக்குத் தெரிந்தது.